தண்ணீர் புகாத சார்ஜர், தண்ணீர் குடிக்கும் பிளக்

போன மாதம் இந்தப் பகுதியில், படகு பேட்டரிகள் வயதாகிச் சாவதைவிடப் பட்டினி கிடந்து சாவதே அதிகம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சார்ஜரைப் பற்றி ஏகப்பட்ட கடிதங்கள். "தண்ணீர் புகாத நல்ல சார்ஜராக ஒன்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்ற ஒற்றை வரிக் கடிதங்களே பாதி. கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் பயனில்லை. அந்தப் பெட்டி உங்கள் படகில் எந்த மூலையில் உட்காரப்போகிறது என்று தெரியாமல் எது நல்லது என்று எப்படிச் சொல்வது? முப்பது வருடம் படகுகளின் வயிற்றுக்குள் தலையை விட்டு வயர் இழுத்தவன் நான். எனக்குத் தெரிந்த வரிசை இதுதான்: முதலில் இடம், அப்புறம் சார்ஜர். கடிதம் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். வழக்கம்போலப் பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார்ஜர்களில் ஐ.பி. 65, 67, 68 என்று போட்டிருக்கிறார்கள். எண் கூடக் கூட நல்லதுதானே? 68 வாங்கிவிட்டால் கவலையில்லையா?

அறுபத்தேழு, அறுபத்தெட்டு என்று சேர்த்துப் படிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அவை இரண்டு தனித்தனி இலக்கங்கள். ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருபவை. முதல் இலக்கம் தூசியும் திடப்பொருளும் உள்ளே போவதைப் பற்றியது. அதில் 6தான் உச்சம். படகுக்காரருக்கு வேண்டியது இரண்டாவது இலக்கம், தண்ணீர்.

அந்த இடத்தில் 5 என்றால், 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். 6 என்றால் முனை 12.5 மில்லிமீட்டர், தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் பீய்ச்சவே இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கி வைத்திருக்கிறார்கள். 8 அதைவிடக் கடுமையான முக்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறுமனே 68 என்று மட்டும் போட்டிருந்தால் எனக்கு அது பாதி வாக்கியம் மாதிரி.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. முக்கல் சோதனையில் தேறிய பொருள் பீய்ச்சல் சோதனையிலும் தேறியதாகிவிடாது. அமைதியான தண்ணீரில் தாங்கும் ரப்பர் வளையம், வேகமாக வரும் தண்ணீர் பக்கவாட்டில் அடித்தால் வழிவிடலாம். படகைக் குழாய் வைத்துக் கழுவுகிற பழக்கம் இருந்தால் "ஐ.பி. 66/67" என்று இரண்டும் போட்டதைத் தேடுங்கள். அப்படிப் போட்டிருந்தால் இரண்டு சோதனையிலும் தேறியது என்று பொருள்.

இன்னொன்று, அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புத்தம் புதுப் பெட்டியில். உப்பு மூன்று வருடத்தில் திருகாணியை என்ன செய்யும், வெயில் ரப்பரை என்ன செய்யும் என்று அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதனால் நான் எண்ணைப் பார்த்துவிட்டு உடனே பெட்டியைத் திருப்பிப் பார்ப்பேன். மூடியும் ரப்பர் வளையமும் திருகாணிகளும் வைத்த பெட்டியா, அல்லது உள்ளே முழுக்க எபாக்ஸி பிசின் ஊற்றிக் கெட்டியாக்கியதா? காற்று அடைபட்டிருக்கும் பெட்டி சூடாகி, அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தினம் ஒரு மடக்கு குடித்தாலும் ஒரு பருவத்தில் போதுமான அளவு குடித்துவிடும். பிசின் ஊற்றியதில் சுருங்குவதற்குக் காற்றே இல்லை. ஒரு குறை: அதைத் திறந்து பழுது பார்க்க முடியாது. போனால் போனதுதான். எனக்கு அது சம்மதம்.

கேள்வி: ஐ.பி. 68 சார்ஜர் வாங்கிப் பொருத்தி ஒரு வருடம்தான் ஆகிறது. விளக்கு எரிகிறது, பேட்டரி ஏறுவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

விளக்கு எரிகிறதென்றால் சார்ஜர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. திட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

சார்ஜரை அணைத்துவிட்டு பேட்டரி முனைகளில் நேராக வைத்துப் பாருங்கள். ஈய அமில பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6, 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 பக்கம் இருந்தால் ஏறக்குறைய பாதி, 11.8க்குக் கீழே என்றால் காலி. இப்போது சார்ஜரைப் போடுங்கள். சில நிமிடங்களில் எண் மேலே நகர வேண்டும். நகரவே இல்லையென்றால் சார்ஜரிலிருந்து வரும் வயரில் பியூஸ் கூட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 14 வோல்ட், மறுபக்கம் 12 என்று காட்டினால் திருடன் அகப்பட்டுவிட்டான். கூட்டைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு இருக்கும்.

ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு படகில் அருமையான சார்ஜர் ஒன்றை இருக்கைக்கு அடியில் பொருத்தினேன். பெட்டிக்குத் தண்ணீர் பயமே இல்லை என்ற தைரியத்தில், அதன் மின்வயரை மேலிருந்து கீழாக இழுத்து, பிளக்கைக் கீழே தரையோரம் விட்டேன். மேலே மூடி வழியாகச் சொட்டிய தண்ணீர் எல்லாம் வயரைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பிளக் வரை வந்து இறங்கியது. இரண்டு மாதம் கழித்துப் பிளக்கின் ஒரு முள் கருகி, சாக்கெட் உருகி, படகு முழுக்கப் புகை நாற்றம். சார்ஜரைக் கழற்றி வேறு இடத்தில் போட்டேன். எட்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு எந்தப் படகிலும் வயர் பிளக்குக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விடாமல் நான் வேலையை முடிப்பதில்லை. வயர் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மறுபடி மேலேறிப் போக வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பெட்டிக்கு மட்டும்தான் 68. பிளக்குக்கும் பியூஸ் கூட்டுக்கும், பேட்டரியில் மாட்டும் வளைய முனைகளுக்கும் யாரும் எண் கொடுக்கவில்லை. வாங்கும்போது வயர் வெள்ளீயம் பூசிய செம்புதானா என்று பாருங்கள். நுனியைச் சீவினால் வெள்ளியாகத் தெரியும். செம்பு நிறமாகவே தெரிந்தால் அது ஈரக் காற்றில் உறைக்கு உள்ளேயே கறுத்துக்கொண்டு போகும். முனைகளைக் கிரிம்ப் செய்த (இடுக்கியால் அழுத்தி வயரில் இறுக்கிய) பிறகு, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டி மூடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் கடலில் ஒரு மாதம் தாங்கும். அப்புறம் தானாக அவிழ்ந்து உங்களுக்குக் கையாட்டும்.

கேள்வி: 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்காக (படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார்) 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறேன். எஞ்சினைக் கிளப்ப மூன்றாவதாக ஒன்று. எத்தனை ஆம்பியர் சார்ஜர் வேண்டும்? ஒன்று போதுமா, மூன்று வேண்டுமா?

ஒரே பெட்டி, மூன்று வெளியீடு. ஆனால் அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். உங்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். காரணம் சொல்கிறேன். தொடரில் இருக்கும் மேல் பேட்டரியின் எதிர்முனை, கீழ் பேட்டரியின் நேர்முனையோடு சேர்ந்திருக்கிறது. சார்ஜரின் எதிர் வயர்கள் எல்லாம் உள்ளுக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், கீழ் பேட்டரியின் இரண்டு முனைகளையும் நீங்களே ஒரு வயரால் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் வயர் சிவக்கும். பிரிக்கப்பட்ட வெளியீடு என்றால் தொடர் இணைப்பைக் கழற்றாமலே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனி 12 வோல்ட்டாக ஏற்றலாம். ஒன்று மற்றதைவிடக் களைத்திருந்தாலும் அதனதன் தேவைக்கு ஏற்ப நிற்கும். தரமான படகு சார்ஜர்களில் நேர் வயர், எதிர் வயர் இரண்டிலும் பியூஸ் வைத்திருப்பதைப் பார்க்கலாம். தொடர் இணைப்பில் எந்தப் பக்கம் தவறு நடக்கும் என்று சொல்ல முடியாது என்பதால்தான்.

அளவுக்கு வருவோம். தண்ணீர் ஊற்றுகிற சாதாரண ஈய அமில பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்து முதல் இருபது சதவீதம் என்பது பழைய கணக்கு. இன்னும் அதுவே சரி. உங்கள் 100க்கு 10 ஆம்பியர். ஏ.ஜி.எம். வகை (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரி) இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிக்கொள்ளும். பாதி தீர்ந்த பேட்டரிக்கு 50 ஆம்பியர்-மணி திரும்பப் போட வேண்டும். 10 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் என்று காகிதம் சொல்லும்; பேட்டரி ஒத்துக்கொள்ளாது. எண்பது சதவீதம் வரை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும், அப்புறம் கடைசி இருபதைச் சிறு குழந்தை மாதிரி மென்றுகொண்டே இருக்கும். ஏழெட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் சார்ஜரானால் ஓர் இரவு போதாது. தினமும் படகை எடுப்பவருக்கு அந்தக் கடைசி இருபது சதவீதம் என்றுமே கிடைக்காமல் போகும். போன மாதம் பட்டினி என்று எழுதினேனே, அது இதுதான். நிறையாமலே கிடக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும்.

பெட்டியின்மேல் "30 ஆம்பியர்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 10 வீதம் மூன்று சேர்ந்த கூட்டுத்தொகையாக அது இருக்கலாம். பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிக்கு 5 கூடப் போதும். அது ஒரு விநாடி ஓடிவிட்டு நாள் முழுக்க ஓய்வெடுக்கும் ஆள்.

கேள்வி: என் சார்ஜர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. பாதியில் நின்றும் விடுகிறது. பழுதா? பேட்டரிப் பெட்டிக்கு நேர் மேலே, அலமாரிக்குள் பொருத்தியிருக்கிறேன்.

கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள்.

20 ஆம்பியர் சார்ஜர் 14.4 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடினால் வெளியே தருவது 288 வாட். செயல்திறன் 85 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 50 வாட் சூடாகவே போகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றை மூடிய அலமாரிக்குள் இரவெல்லாம் எரியவிட்டதற்குச் சமம். தண்ணீர் புகக்கூடாது என்பதற்காகக் காற்றாடியும் துளையும் இல்லாமல் செய்த பெட்டி இது. அதன் சூடு வெளியேற உலோக உடம்பையும், அதில் தகடு தகடாக நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளையும் தவிர வேறு வழியில்லை. துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி, சுற்றிலும் ஒரு சாண் காற்று இருக்கும்படி வையுங்கள். கம்பளம் ஒட்டிய சுவரில் நேராகத் திருகுவதை நான் எத்தனையோ படகுகளில் பார்த்திருக்கிறேன். அது சார்ஜருக்குக் கம்பளி போர்த்துவது. ஓர் அலுமினியத் தகட்டை இடையில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சூடு ஏறினால் வெளியீட்டைக் குறைத்துக்கொள்வதும் நின்றுவிடுவதும் பழுது இல்லை, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பேட்டரிக்கு நேர் மேலே வைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஏறும் நேரத்தில், அதிலும் கடைசிக் கட்டத்தில், ஈய அமில பேட்டரி ஹைட்ரஜனை விடும். அது காற்றைவிட லேசானது. நேராக மேலே வரும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளக்கூடியது. கூடவே வரும் அமிலத் தூவல் உங்கள் சார்ஜரின் வயர் நுழைவாயில்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். எந்த ஐ.பி. எண்ணும் அமிலத்தைக் கணக்கில் எடுத்ததில்லை. பக்கத்துத் தடுப்புக்கு மாற்றுங்கள். பேட்டரி இருக்கும் இடத்துக்கு மேல் பகுதியில் காற்றுப் போக்கு வேண்டும்.

மாற்றினால் வயர் நீளுமே என்பீர்கள். நீளட்டும், ஆனால் தடிமனும் கூட வேண்டும். கணக்கைப் பாருங்கள்: பேட்டரி 5 மீட்டர் தள்ளி என்றால் போக வர 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.7 வோல்ட் தொலையும். சார்ஜர் 14.4 கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வந்தது 13.7. பாவம், மெதுவாகத்தான் ஏறும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.17தான். நேர் வயரில் பியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஏ.பி.ஒய்.சி. என்ற அமெரிக்கப் படகுத் தர அமைப்பு, சில விலக்குகளோடு, 7 அங்குலத்துக்குள் என்று சொல்கிறது. வயர் எங்காவது உரசி உறை கிழிந்தால் பாயப்போகிற பெரிய மின்சாரம் சார்ஜரிலிருந்து வருவதல்ல, பேட்டரியிலிருந்து வருவது. பியூஸைச் சார்ஜர் பக்கம் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சின் இருக்கும் அறையிலேயே இடம் இருக்கிறது. ஐ.பி. 67 என்பதால் அங்கே வைக்கலாம்தானே?

வைக்கக் கூடாது, அதற்கென்று சான்று இல்லாவிட்டால். தண்ணீர் உள்ளே போகாது என்பது ஒரு சான்று. பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும்போது அதைப் பற்றவைக்காது என்பது வேறு சான்று. படகுக் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8846, எஸ்.ஏ.இ. ஜே1171 என்ற தரங்கள் இதற்காகவே இருக்கின்றன. சார்ஜரின் உடம்பிலோ கையேட்டிலோ இவற்றில் ஒன்று எழுதியிருந்தால் யோசிக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கி, யாராவது ஒரு பொறி தருவார்களா என்று காத்திருக்கும். வயர் முனைகளைக் கழற்றி மாட்டுவதையும் மின்சாரம் ஓடும்போது அங்கே செய்யாதீர்கள். டீசல் எஞ்சின் அறை என்றால் இந்த விதி இவ்வளவு கடுமையாகப் பொருந்தாது. அங்கே உங்கள் எதிரி சூடு.

கேள்வி: படகுத்துறையில் கரை மின்சாரத்தில் சார்ஜரை மாட்டிய பிறகு, அடியில் மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரைவதற்கென்று வைத்திருக்கும் துத்தநாகக் கட்டி வேகமாகக் கரைகிறது. எர்த் வயரைத் துண்டித்தால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

அந்த ஒருவரை உங்கள் படகில் ஏற்றாதீர்கள்.

எர்த் வயர்தான் காரணம் என்பது சரி, வைத்தியம்தான் கொலைகார வைத்தியம். எர்த் வயர் வழியாக உங்கள் படகின் நீருக்கு அடியில் இருக்கும் உலோகமும் பக்கத்துப் படகுகளின் உலோகமும் சேர்ந்துவிடுகின்றன. சுற்றிலும் உள்ள தண்ணீரோடு சேர்ந்து அதுவே ஒரு பெரிய பேட்டரி. பக்கத்துக்காரர் துத்தநாகம் மாற்றாமல் விட்டிருந்தால் உங்களுடையது அவருக்கும் சேர்த்துக் கரையும். ஆனால் எர்த்தை வெட்டினால், சார்ஜருக்குள் என்றைக்காவது மின்காப்பு பழுதாகும்போது அந்த மின்சாரம் போக வழியில்லாமல் படகின் உலோகம் வழியாகத் தண்ணீரில் இறங்கும். பக்கத்தில் நீந்துகிறவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்குவார். உப்புத் தண்ணீரைவிட நன்னீரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தண்ணீரைவிட மனித உடம்பே நல்ல மின்கடத்தி.

எர்த் வயரின் வழியில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவியைப் போடுங்கள். துத்தநாகத்தைத் தின்னும் சிறு மின்னழுத்தத்தை அது தடுக்கும். பழுது மின்சாரம் வந்தால் தடையில்லாமல் விடும். இடமும் வசதியும் இருந்தால் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் (கரை வயரோடு நேர்த் தொடர்பில்லாமல் படகுக்கு மின்சாரம் தருவது) இன்னும் சிறந்தது. கரைப் பக்கம் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு சுவிட்ச் இல்லாத இடத்தில் நான் வயரை மாட்டவே மாட்டேன். மாட்டும்போது முதலில் படகுப் பக்கம், பிறகு கரைப் பக்கம். கழற்றும்போது முதலில் கரை. வரிசை மாறினால் உயிருள்ள வயர் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு படகுக்கும் பலகைக்கும் நடுவில் கால் அகட்டி நிற்பீர்கள்.

இதே காரணத்தால்தான் கார் கூடத்திலிருந்து எடுத்துவந்த பழைய சார்ஜர் வேண்டாம் என்கிறேன். (நான்கு பேர் அதையும் கேட்டிருந்தார்கள், தனியாகப் பதில் எழுதவில்லை.) அவற்றில் சிலவற்றில் எதிர் வயர் உலோகப் பெட்டியோடும் எர்த்தோடும் உள்ளேயே சேர்ந்திருக்கும்.

கேள்வி: இரண்டு பேட்டரிகளில் ஒன்றை லித்தியத்துக்கு மாற்றப்போகிறேன். பழைய சார்ஜரே போதுமா?

படகில் பெரும்பாலும் போடுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதற்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை. பேட்டரிக்காரர் கொடுத்த எண் எதுவோ அதுவே வேதம். வோல்ட் ஒத்துவருகிறதே என்று பழைய சார்ஜரைப் போட்டுவிடக் கூடாது. "பழைய பேட்டரியை மீட்கும்" கட்டம் என்று சிலவற்றில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவார்கள். லித்தியத்தில் உள்ளே இருக்கும் காப்புச் சுற்று பயந்து கதவைச் சாத்திவிடும். கதவு சாத்திய பேட்டரி வெளியே பூஜ்யம் காட்டும். அப்புறம் பல சார்ஜர்கள் "பேட்டரியே இல்லை" என்று சொல்லி ஏற்ற மறுக்கும். விழிக்கவைக்கும் வசதி உள்ள சார்ஜரா என்று கேளுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை ஏற்றவே கூடாது.

உங்களுக்கு முக்கியமானது வேறு: ஒன்று லித்தியம், மற்றது ஈய அமிலம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாகப் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க முடிகிற சார்ஜர் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கும் பெட்டி உங்களுக்கு ஆகாது. ஜெல் பேட்டரி வைத்திருப்பவர்களும் கவனிக்க: அதற்கு 14.1 பக்கம்தான். ஏ.ஜி.எம். அளவில் ஏற்றினால் ஜெல்லுக்குள் குமிழி விழும். விழுந்த குமிழி போகாது.

கேள்வி: ஊருக்குப் போனால் மாதக்கணக்கில் படகைத் தொட முடியாது. சார்ஜரைப் போட்டே விட்டுவிடலாமா?

நல்ல சார்ஜர், பேட்டரி நிறைந்ததும் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, நிறைந்ததை அப்படியே காக்கும் மிதவை நிலையில் நிற்கும். அப்படியானால் ஈய அமில பேட்டரியோடு விடலாம். அடித்தண்ணீர் பம்ப் தானாக ஓடும் படகென்றால் விடுவதே நல்லது. லித்தியத்தை முழுக்க நிறைத்து மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்.

வெப்பமான இடமென்றால் வெப்பநிலை உணரி உள்ள சார்ஜர் வாங்குங்கள். ஈய அமில பேட்டரி 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் 12 வோல்ட்டுக்கு 0.02, 0.03 வோல்ட் வீதம் குறைத்துக் கொடுக்க வேண்டும். 40 டிகிரி அறையில் 14.4 தேவையில்லை, 14 போதும். குறைக்காத சார்ஜர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காலி செய்துவிடும். உணரியைப் பேட்டரியின் உடம்பில் ஒட்டுங்கள். அதைச் சுருட்டிச் சார்ஜரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த ஒரு படகைப் பார்த்தேன். சார்ஜர் தன் சூட்டைத்தானே அளந்துகொண்டிருந்தது. திரும்பி வந்ததும், தண்ணீர் ஊற்றுகிற வகையானால் பேட்டரியைத் திறந்து காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுங்கள். தகடு மூழ்கியிருந்தால் ஏற்றி முடித்த பிறகு ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும்.

கேள்வி: படகில் தண்ணீர் ஏறி, சார்ஜர் ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தது. ஐ.பி. 67தான். காயவைத்துப் பயன்படுத்தலாமா?

முதலில் கரையில் மின்சாரத்தை அணைத்துவிட்டீர்களா? அணைத்த பிறகுதான் படகுக்குள் கை. இன்னும் அணைக்கவில்லையென்றால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.

67 என்பது 30 நிமிடத்துக்குத்தான். ராத்திரி முழுக்க என்பது ஒப்பந்தத்தில் இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, வயர் நுழைவாயில்களில் வெடிப்போ வெள்ளைப் பூப்போ இருக்கிறதா என்று பாருங்கள். மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, மின்வயருக்கும் உடம்புக்கும் நடுவே சோதிக்கச் சொல்லுங்கள். பிசின் ஊற்றிய பெட்டியாக இருந்தால் தேறிவிட நல்ல வாய்ப்பு உண்டு. தேறினாலும் பியூஸ் கூடுகளையும் வளைய முனைகளையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். பிளக்கை மட்டும் காயவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.